ஹேண்டில் லாக் போடாத தெரு

என் கடைச் சுவரில் ஒரு சங்கிலி தொங்குகிறது. சுண்டுவிரல் கனம். மேலே நீல நிற ரப்பர் உறை. உறை இரண்டு இடத்தில் கிழிந்து உள்ளே இரும்பு தெரியும். முனையில் பூட்டு, பூட்டிலேயே சாவி. மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் கோத்துப் பூட்டுகிற சங்கிலி அது. கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பார்கள். விற்பதற்கில்லை என்பேன். அப்புறம் எதற்கு மாட்டி வைத்திருக்கிறாய் என்பார்கள். அதற்குப் பதில் சொல்வதில்லை. அதைக் கொண்டு நான் இதுவரை ஒரு வண்டியையும் பூட்டியதில்லை. மழைக்காலம் முடிந்ததும் எடுத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, சாவியைத் திருப்பிப் பார்த்து, மறுபடி மாட்டுவேன். பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

அது ஏட்டம்மாவுடைய சங்கிலி. எங்கள் ஸ்டேஷனில் தலைமைக் காவலராக இருந்தவர். வந்தவாசிப் பக்கத்துக்காரர். உயரம் குறைவு, குரல் பெரிது. பெயர் தெரியும். ஆனால் நாங்கள் யாரும் பெயர் சொல்லி நினைத்ததில்லை. ஏட்டம்மா என்றால் அவர்தான்.

நான் டூவீலர் மெக்கானிக். ஊர் திருப்பருத்திக்குன்றம். அப்பா அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். நான் ஐந்தாவது வரை படித்தேன். மனைவி வீட்டார் பிள்ளையார்பாளையத்தில் கூலித் தறி போட்டவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நானும் அந்தத் தெருவுக்கே குடி வந்தேன். வீடு தெருவுக்குள், கடை தெருமுனையில். கடையை ஒட்டி ஒரு குறுகிய சந்து.

அந்தச் சமயத்தில் காஞ்சிபுரத்தில் வண்டி காணாமல் போவது அதிகமாக இருந்தது. கோயில் வாசலில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், பட்டுக் கடை வாசலில். வெளியூர்க்காரர் புடவை எடுத்துக்கொண்டு வெளியே வருவார், வண்டி நின்ற இடத்தில் செருப்பு கிடக்கும். மேலிடத்தில் சத்தம் போட்டிருப்பார்கள். போலீஸ் இறங்கியது. சாவி செய்கிறவர்களைக் கூப்பிட்டு, உரிமையாளர் நேரில் வராமல் சாவி போடக் கூடாது என்றார்கள். பழைய இரும்புக் கடைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். எங்களைப் போன்ற மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆர்.சி. புக் பார்க்காமல் எந்த வண்டியையும் பிரிக்கக் கூடாது என்றார்கள். ஊருக்கு வெளியே தடுப்பு வைத்து வண்டிச் சோதனை. ஆட்டோவில் மைக் கட்டி, வண்டியைப் பூட்டுங்கள் என்று தெருத் தெருவாக ஒரு குரல். எங்கள் பகுதிக்கு அந்தக் குரல் ஏட்டம்மாவுடையது. கையில் அந்த நீலச் சங்கிலி இருக்கும். யார் வண்டி பூட்டாமல் நின்றாலும் தன் சங்கிலியைப் போட்டுப் பூட்டிவிட்டு எதிரில் போய் நின்றுகொள்வார். ஆள் வந்து திணறுவான். நாலு பேர் சிரித்த பிறகு போய்த் திறந்துவிட்டு, "இப்ப தெரியுதா? பூட்டினா உன்னாலயே எடுக்க முடியல. திருடனால எப்டி முடியும்?" என்பார்.

எங்கள் தெருவில் மட்டும் அவர் பேச்சு எடுபடவில்லை.

காரணம் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, சீராக்கிச் சுருட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். வழியில் ஒரு வண்டி நின்றால் போச்சு. கிக்கரில் ஓர் இழை மாட்டினால் கொத்தாக அறுந்து போகும். அதனால் பாவு போடுகிறவர்கள் முதலில் தெருவிலுள்ள வண்டிகளையெல்லாம் தள்ளிக்கொண்டுபோய் என் கடைச் சந்தில் விடுவார்கள். யார் வண்டி என்று பார்ப்பதில்லை. யாரையும் எழுப்புவதில்லை. யார் முன்னால் வருகிறார்களோ அவர்கள் தள்ளுவார்கள். அதற்காகவே எங்கள் தெருவில் யாரும் ஹேண்டில் லாக் போடுவதில்லை. போட்டவனை மற்றவர்கள் திட்டுவார்கள்.

ஏட்டம்மா ஒரு நாள் தெரு நடுவில் நின்று கேட்டார்.

"ஏம்பா, ஒரு வண்டிக்குக்கூடவா லாக் போட மாட்டீங்க?"

"போட்டா காலைல பாவு எப்டிம்மா போடறது?" என்றார் என் எதிர்வீட்டுத் தறிக்காரர்.

"பாவுக்கும் லாக்குக்கும் இன்னா சம்பந்தம்?"

"வண்டிய நவுத்தணும்ல."

"நவுத்துங்க. சாவியப் போட்டுத் திருப்பிட்டு நவுத்துங்க. கை வலிக்குதா?"

மாடியிலிருந்து ஒரு பெண், "எங்க வூட்டுக்காரர் எழுந்து சாவி தேடறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும்மா!" என்றாள். தெரு சிரித்தது.

"திருடன் மட்டும் உங்க வூட்டுக்காரர எழுப்பிட்டுதான் எடுத்துக்கினு போவானா?" என்றார் ஏட்டம்மா. அவரும் சிரித்தார்.

அவர் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டார். அவரவர் வண்டியை அவரவர் நகர்த்துகிறார்கள் என்று நினைத்தார். ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் கேட்காமல் தள்ளுவார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. போலீஸ்காரருக்கு எப்படித் தோன்றும்? எங்களுக்கும் அதைத் தனியாக எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்தது கேமரா. கடைக்காரர்கள் தெருவைப் பார்த்து ஒன்று வைக்க வேண்டும் என்றார்கள். நானும் வைத்தேன். அது பெரிய ரோட்டையும் எங்கள் தெருவாயையும் பார்க்கும். தெருவுக்குள் பார்க்காது. கடைச் சந்துப் பக்கமும் பார்க்காது. அதாவது பாவு அதில் விழாது. பாவுக்காக வண்டி தள்ளிக்கொண்டு வருவது மட்டும் விழும்.

வைகாசித் திருவிழா நெருங்கும்போது எதிர்வீட்டுத் தறிக்காரரின் புது வண்டி காணாமல் போனது. காலையில் பாவு முடிந்து எல்லாரும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டார்கள். அவர் எழுந்து வந்தபோது சந்து காலி. ஸ்டேஷனில் போய், வாசலில் நின்ற வண்டி காணோம் என்று எழுதிக் கொடுத்தார். ஏட்டம்மா மத்தியானம் என் கடைக்கு வந்தார். கேமராவைப் போடச் சொன்னார். போட்டேன். அரைவெளிச்சத்தில் ஒருவன் அந்தப் புது வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவாயில் வருகிறான். லுங்கி. தலையில் துண்டு. ஒரு முறை திரும்பிப் பார்க்கிறான். பிறகு கேமராவை விட்டு வெளியே போய்விடுகிறான்.

ஏட்டம்மா விரலை வைத்தார். "இது யாரு?"

"என் மச்சான்."

"சொந்த மச்சானா?"

"ஆமாம்மா. வூட்டுக்காரியோட தம்பி."

அவ்வளவுதான் கேட்டார். அவ்வளவுதான் சொன்னேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என் பழக்கம். சிறு வயதில் வேறொரு கடையில் வேலை பார்த்தபோது, யாரோ கொண்டுவந்து விட்ட திருட்டு வண்டியை நான் கழற்றிக்கொண்டிருந்தேன். போலீஸ் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. பொழுதெல்லாம் ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே அதிகம் பேசினவனுக்கு அதிகம் அடி விழுந்தது. அன்றைக்குப் படிந்தது. அது ஒரு காரணம். ஆனால் அது முழுக் காரணம் இல்லை. பாவு விஷயம் ஏட்டம்மாவுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், மச்சானே போய்ச் சொல்லிக்கொள்வான் என்று இருந்துவிட்டேன். கையில் ஒரு கார்புரேட்டர் பிரித்த நிலையில் இருந்தது. ஏட்டம்மா படியிறங்கும்போது நான் மறுபடி அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்ரோல் வாசனைகூட ஞாபகம் இருக்கிறது.

மச்சான் அப்போது பாவு வேலைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆனால் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை முடிவாகி இருந்தது. லைசென்ஸ் எடுத்து, பழகி, எங்கெங்கோ அலைந்து கிடைத்த வேலை. போலீஸ் நற்சான்று ஒன்றுதான் பாக்கி. அது கொடுத்தால் மறுநாளே சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். புதுச் சட்டைகூட தைத்துவிட்டான்.

அவனைத் தெருவில் வைத்தே ஜீப்பில் ஏற்றினார்கள். பாவுக்குத்தான் தள்ளினேன் என்று அவன் சொன்னான். எல்லாத் திருடனும் ஏதோ ஒன்று சொல்வான். தெருவில் எல்லாரும் பார்த்தோம். அன்றைக்குப் பாவு போட்டவர் பார்த்தார். வண்டியைப் பறிகொடுத்தவரும் பார்த்தார். இந்தத் தெருவில் அடுத்தவர் வண்டியைத் தள்ளாத ஆள் கிடையாது. ஸ்டேஷனுக்குப் போய் அதைச் சொல்ல ஒருத்தரும் போகவில்லை. போனால், அப்படியென்றால் நீ எந்த வண்டியைத் தள்ளினாய் என்று கேட்பார்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். "கேமராவுல காட்டினது நீதானே? வாய் இருக்குதுல்ல உனக்கு? அத வச்சிக்கினு இன்னா பண்ணே?"

அன்றிரவு அவன் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் ஏட்டம்மா தனியாகக் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. முந்தின நாட்களில் பதிவானதைப் போடச் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். விடியற்காலை. ஒருவர் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பின்னாலேயே இன்னொருவர் வேறொன்றை. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் ஒற்றைக் கையால் ஒரு ஸ்கூட்டரைத் தள்ளுகிறாள். ஏட்டம்மாவின் வாய் கொஞ்சம் திறந்தது. அடுத்தது அதே புது வண்டி. தள்ளிக்கொண்டு வருகிற ஆள் பனியனில் இருக்கிறான்.

"இது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"இதே வண்டிய நீங்களும் தள்ளியிருக்கீங்க."

"ஆமாம்மா. பாவுக்கு."

"அப்ப ஏன் நேத்து சொல்லல?"

"நீங்க கேக்கலம்மா."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "ஆமாம். நான் கேக்கல" என்றார். பிறகு, "யாருன்னு கேட்டேன். எதுக்குன்னு கேக்கல" என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை. டீ வரவழைத்திருந்தேன். குடிக்காமல் போனார்.

மச்சானை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். கேஸ் போடவில்லை. உடம்பில் காயம் இல்லை. ஆனால் இடது கண்ணை ஓயாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தான். அது நின்று போக நாளாயிற்று. வேலை போய்விட்டது. அந்தக் கம்பெனியில் எங்கள் பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் இருந்தார். வண்டித் திருட்டுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அங்கே பேச்சு போயிருந்தது. பிடித்தது நிற்கும், விட்டது நிற்காது. ஊர் வாய் அப்படித்தான்.

இதைக் கேள்விப்பட்டு ஏட்டம்மா ஒரு காரியம் செய்தார். ஜீப்பை எடுத்துக்கொண்டு, யூனிபார்மோடு, நேராகக் கம்பெனி வாசலில் போய் இறங்கினார். அந்தப் பையன் நல்லவன், தப்பு எங்கள் மேல்தான் என்று சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் போனார். கேட்டில் இருந்தவன் முதல் மானேஜர் வரை பார்த்தது ஜீப்பை மட்டும்தான். போலீஸ் தேடி வருகிற ஆள் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் சாதாரணப் புடவையில், பஸ் பிடித்து, இன்னொரு முறை போனார். உள்ளேயே விடவில்லை. இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துத் தெரு ஆள்தான் சொன்னார்.

பிறகு ஒரு காலையில் பாவு நடந்துகொண்டிருக்கும்போது எங்கள் தெருவுக்கு வந்தார். நூலுக்கு ஒதுங்கி, சுவரை ஒட்டி நடந்து, என் மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றார். மச்சான் வெளியே வந்தான். தெருவில் எல்லாரும் கையில் இழையோடு நின்றோம். மைக்கில் பேசுகிற அதே குரலில் சொன்னார். "உன்னப் பிடிச்சது தப்பு. அது என் தப்பு. இந்தத் தெருவுல எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் இப்ப வந்தேன்."

மச்சான் தலையைச் சொறிந்தான். அப்புறம், "வுடுங்கம்மா. டீ சாப்பிடறீங்களா?" என்றான். உள்ளே போய் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் போனார். நான் என் வீட்டு வாசலில், பாவின் மறுபக்கத்தில் நின்றிருந்தேன். நடுவில் அரக்கு நிறப் பட்டு இழைகள். குனிந்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு அதைவிட நல்ல நேரம் வராது என்று அப்போதே தெரிந்தது. எனக்கு வாய் வரவில்லை.

வண்டி கிடைத்தது. திருப்புட்குழிப் பக்கம் ஹைவேயில் நடந்த சோதனையில் ஏட்டம்மாதான் மறித்தார். நம்பர் பிளேட் மாற்றியிருந்தது. ஓட்டி வந்தவன் வெளியூர். ரொம்ப நாளாக எங்கள் சந்தில் நோட்டம் பார்த்து வைத்திருக்கிறான். காலையில் பூட்டாத வண்டிகள் வரிசையாக வந்து நிற்கின்றன, கேமரா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை, கேட்பார் இல்லை. அவனுக்குத் தெரிந்த எங்கள் வழக்கம் ஏட்டம்மாவுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவில் லாக் போடு என்று சொல்வதை நிறுத்தினார். என் கேமராவைச் சந்துப் பக்கம் திருப்பச் சொன்னார். பாவு நாளில் வண்டிகளை அங்கே வரிசையாக விட்டு, ஒரே நீளக் கம்பிவடத்தைச் சக்கரங்களுக்குள் கோத்து, பாவுக்காரர் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நல்ல ஏற்பாடு. எங்கள் தெருவில் அப்புறம் வண்டி போகவில்லை. ஊரிலும் குறைந்தது. வண்டி தொலைந்து அழுகிறவர்களைக் கடையில் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அது சின்ன விஷயம் இல்லை. அவர் செய்த வேலை சரியான வேலை. அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் அதுவும் பாதிப் பதில் ஆகிவிடும்.

மாற்றல் வந்தபோது கடைக்கு வந்து சங்கிலியைக் கொடுத்தார். "புது இடத்துல புதுசு வாங்கிக்கறேன். இது இங்கயே இருக்கட்டும்" என்றார். ஏன் எனக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. அதில் அவர் தன் பங்கைத் தெருவில் நின்று கழித்துவிட்டார். என் பங்கு சுவரில் தொங்குகிறது.

மச்சான் இப்போது லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். நூல் மூட்டை, அட்டைப்பெட்டி, கல்யாணச் சாமான். பிழைப்பு ஓடுகிறது. பாவு நாளில் இன்னமும் உதவிக்கு வருவான். ஆட்டோ நின்றால் என்னிடம்தான் கொண்டு வருவான். நானும் கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு அதைப் பார்ப்பேன். பேசுவான், சிரிப்பான். மற்றவர்கள் எதிரில் என்னை "சாட்சி மாமா" என்பான். "எங்க சாட்சி மாமாவ ஏதாவது ஒண்ணு கேளுங்க. கேட்டதுக்கு மேல ஒரு எழுத்து வராது." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சென்ற மாதம் ஏட்டம்மா வந்தார். ஓய்வு பெற்றுவிட்டார். ஏகாம்பரநாதர் கோயிலுக்கு விடியற்காலையில் வந்தவர், ஸ்கூட்டரை எங்கள் வீட்டுக்கு எதிரில் நிறுத்திவிட்டு, என் மனைவியிடம் சொல்லிவிட்டு நடந்து போனார். நான் வெளியே வந்து பார்த்தேன். ஹேண்டில் நேராக இருந்தது. லாக் போடவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டச் சொன்ன அம்மா. மறந்தவர் இல்லை. அன்றைக்குப் பாவு இருந்தது. பாவு கட்டுகிற கழிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்ததை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மச்சான் வந்தான். ஸ்டேஷனிலிருந்து வந்த நாள் முதல் அவன் யார் வண்டியையும் தொடுவதில்லை. கழி நடுவான், நூல் இழுப்பான், வண்டியை மட்டும் வேறு யாராவது தள்ள வேண்டும். ஸ்கூட்டர் யாருடையது என்று கேட்டான். என் மனைவி சொன்னாள். கொஞ்ச நேரம் நின்றான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டான். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, தெருவாய்க்குத் தள்ளிக்கொண்டு போனான். குழந்தையை நடக்க வைப்பது போல மெதுவாக.

ஏட்டம்மா கோயிலிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். நெற்றியில் திருநீறு. சந்தில் தன் ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்தார்.

"யாரு தள்ளினது?"

"என் மச்சான்மா" என்றேன். நிறுத்தாமல் சொன்னேன். "பாவுக்காகத் தள்ளினான். யார் வண்டியையும் அவன் தொடறதில்லம்மா. உங்களுதுன்னு தெரிஞ்சிதான் தள்ளினான். வெயில் படாம நிழல்ல வுட்டிருக்கான்."

அவர் என்னைப் பார்த்தார். "நல்லாப் பேசறீங்களே" என்றார். சுவரில் சங்கிலியைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தெருவுக்குள் போய் மச்சானைப் பார்த்துப் பேசிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அவன் அவரை மன்னித்துவிட்டான் என்று நினைக்கிறேன். அவர் கேட்டார், கொடுத்தான்.

என் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். ஹேண்டில் லாக் போட்டதே இல்லை. ஏட்டம்மா வந்து போன பிறகு ஒரு பாவு நாளில், விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். வெளியே வண்டிகள் நகரும் சத்தம் கேட்டது. மச்சானின் குரலும் கேட்டது. எதிர்வீட்டு வண்டி போனது. பக்கத்து வீட்டு வண்டி போனது. தள்ளுவது அவன்தான். செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். அடுத்தது என்னுடையது. செருப்புச் சத்தம் என் வாசலில் வந்து நின்றது.

"மாமா" என்று கூப்பிட்டான். "வண்டிய எடு."

எழுந்து போய் எடுத்தேன். சந்தில் கடைசியாக நிறுத்திவிட்டு, கடையைத் திறந்தேன். மழைக்காலம் இன்னும் வரவில்லை. இருந்தாலும் சங்கிலியை இறக்கி, துடைத்து, எண்ணெய் விட்டேன்.